அப்பா சொன்னது எனக்குக் கேட்டது

பிரேக் ஆயிலின் வாசனை பெட்ரோலைப் போல எட்ட நின்றே மூக்கில் ஏறாது. லேசான தித்திப்பும் மீன் கழுவிய தண்ணீரின் வீச்சமும் கலந்தாற்போல, குனிந்து கிட்டே போனால்தான் தெரியும்படி தாழ்ந்து கிடக்கும். சொட்டிய இடத்தில் காரின் பெயிண்ட் பொரிந்து உரிந்துவிடும் என்பதால், ஒரு துளி சிந்தினாலும் அப்பா ஈரத்துணியோடு ஓடுவார். எட்டாம் வகுப்புப் படிக்கிற வயதில், கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசனையை மட்டும் வைத்து எந்த வண்டியில் பிரேக் கோளாறு என்று என்னால் சொல்லிவிட முடியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் சாலையோரம், நான்கு இரும்புத் தூண்களின் மேல் தகரம் போட்ட இடம்தான் அப்பாவின் ஷெட். பெயர்ப் பலகையில் 'தணிகை கார் ஒர்க்ஸ்' என்று எழுதியிருந்தாலும் எல்லோரும் 'தணிகாசலம் ஷெட்டு' என்றே சொன்னார்கள். சுற்றிலும் நிலங்கள் கைமாறி, வேலி விழுந்து, ஒவ்வொன்றாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன்களும் வாடகைக் கார்களும் பெருகியதால் அப்பாவுக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆனால், மெக்கானிக் என்றால் சந்தேகப்படுவது என்பது அப்போதும் இருந்தது. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு 'டூப்ளிகேட்' போட்டுவிடுவான், இல்லாத கோளாறைச் சொல்வான் என்று வண்டிக்காரர்கள் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படிச் செய்கிறவர்களும் அந்தச் சாலையில் இருந்தார்கள்தான். அப்பா அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. "நமக்கு இன்னா தெரியுமோ அது அவுனுக்குத் தெரியாது. பயப்படத்தான் செய்வான். நம்பி உசுர வுட்டுட்டுப் போறான் இல்ல?" என்பார். எந்த வண்டியையும் தானே ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் அவர் சாவியைத் திருப்பித் தந்ததில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

எங்கள் வீட்டின் பின்பக்கத்து ஒற்றை அறையில் இசக்கி அண்ணன் வாடகைக்கு இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், பாலிடெக்னிக் முடித்துவிட்டு, கார்களுக்குக் கண்ணாடி பொருத்தும் ஒரு கம்பெனியில் 'லைனில்' நின்றார். முதல் ஷிப்ட் முடிந்து வந்தால் சீருடையைக்கூட மாற்றாமல் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் கபடி விளையாடி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருவதைக் கேலி செய்வார். "ஏ பாப்பா, இன்னைக்கு எத்தன பேர மண்ணக் கவ்வ வச்ச?" என்பதுதான் அவர் என்னைக் கேட்கும் முதல் கேள்வி. என் அம்மாவுக்கு அவர் தம்பி மாதிரி. எங்கள் வீட்டில் குழம்பு கொதித்தால் அவருக்கும் சேர்த்துத்தான் கொதிக்கும்.

நான் கபடி ஆடியதற்குக் காரணம் ஒரு மனிதர். அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்து ஊரிலிருந்து போய் நாட்டுக்காக ஆடியவர், பதக்கத்தோடு திரும்பியவர். திருவிழா பேனர்களில் சாமி படத்துக்குக் கீழே அவர் படம்தான் இருக்கும். என் அறையில் நாளிதழிலிருந்து வெட்டியெடுத்த அவர் படத்தை ஒட்டியிருந்தேன். என்னைப்போல அந்தப் பக்கத்தில் நூறு பிள்ளைகளாவது ஒட்டியிருப்பார்கள்.

அவர் எங்கள் பள்ளியின் விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். அன்று காலை பனியன், அரைக்கால் சட்டையோடு அப்பாவுக்கு இட்லி எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது, அங்கே ஒரு வெள்ளைக் கார் நின்றது. வல்லக்கோட்டை முருகன் கோயிலில் போட்ட மாலை முன்கண்ணாடியில் இன்னும் வாடாமல் இருந்தது. காரின் பக்கத்தில், படத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் குட்டையாக, அவரே நின்றுகொண்டிருந்தார். இட்லிப் பாத்திரத்தைக் கொடுக்கவே மறந்து நின்றேன். அப்பாவுக்கும் பெருமை தாளவில்லை. பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே, "தம்பி, இது எம் பொண்ணு. உங்களப் பாத்துட்டுத்தான் கபடி கபடின்னு சுத்தினுகீது. ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். அவர் என் நோட்டில் கையெழுத்திட்டு, தலையில் தட்டி, "நல்லா ஆடு. செலக்‌ஷன் நடக்கும்போது உங்க பி.டி. மிஸ்கிட்டச் சொல்றேன், விளையாட்டு ஹாஸ்டலுக்கு வா" என்றார்.

கழற்றிய சக்கரத்துக்குள் ஈரம். நான் குனிவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இத இப்ப எடுக்காதீங்க. உள்ள சிலிண்டரு போயிடுச்சு. ஆயில் லீக்காயினே கீது. படப்பையில கடை தொறந்ததும் சாமான் வாங்கியாந்து மதியத்துக்குள்ள போட்டுடறேன். நீங்க ஆட்டோல போயிடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளி வாசலில் மேளம் வைத்திருந்தார்கள். அது ஷெட் வரைக்கும் கேட்டது. மேளத்துக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் போய் இறங்குவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை போலும். "ரெண்டு கிலோமீட்டர்தானேண்ணா. மெதுவாப் போறேன்."

"வேணாம் தம்பி. பெடலு எப்ப வோணா கீழ போயிடும்."

"சாயங்காலம் நேரா இங்கதான் வரப்போறேன். ஆயில மட்டும் ஊத்தி விடுங்க."

அப்பா ஆயிலை ஊற்றினார். சக்கரத்தை மாட்டினார். சாவியைக் கொடுக்கும்போது மூன்றாவது முறையாகவும், "எடுக்காம இருந்தா நல்லாருக்கும்" என்றார். ஆனால் அந்த மூன்றாவது முறை அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு பெரிய மனிதரிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள அவருக்கு வரவில்லை.

விழாவில் அவர் பேசியது எனக்கு இன்றும் வரி பிசகாமல் நினைவிருக்கிறது. "கபடியில அம்பயரு பாக்காத டச்சும் டச்சுதான். நம்ம மேல கை பட்டுச்சா இல்லையான்னு நம்ம உடம்புக்குத் தெரியும். யாரும் சொல்றதுக்கு முன்னாடி நாமளே கையத் தூக்கினு வெளிய போயிடணும்" என்றார். நாங்கள் கை வலிக்கத் தட்டினோம். எனக்கு அவர் கையாலேயே கோப்பை கிடைத்தது.

மாலையில் அவர் ஷெட்டை நோக்கித்தான் திரும்பினார். ஷெட்டுக்கு இருநூறு அடிக்கு முன்னால், ஷிப்ட் முடிந்து கம்பெனிப் பேருந்திலிருந்து இறங்கியவர்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். அவர் மிதித்த பிரேக் பெடல் பிடிக்காமல் கீழே போய்விட்டது. மற்றவர்கள் சிதறி ஓடிவிட்டார்கள். இசக்கி அண்ணன் மட்டும் காருக்கும் நின்றிருந்த பேருந்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்டார். சத்தம் கேட்டு ஓடிப்போய் அவரைத் தூக்கி வேனில் ஏற்றியது அப்பாதான். இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

மறுநாள் போலீஸில் அந்த வீரர் சொன்னது, அதற்கடுத்த நாள் செய்தியாக வந்தது. காலையில் மெக்கானிக்கிடம் காட்டியதாகவும், சரிசெய்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நம்பியே வண்டியை எடுத்ததாகவும். நம்பியே. அந்தச் சொல் ஒன்று போதுமாயிருந்தது. அப்பா, "நான் எடுக்க வேணாம்னுதான்யா சொன்னேன்" என்று ஸ்டேஷனிலும் டீக்கடையிலும் சொல்லிப் பார்த்தார். "அப்புறம் எதுக்குச் சாவியக் குடுத்த?" என்றார்கள்.

அன்று காலை ஷெட்டில் மூன்றாவதாக இருந்தது நான் ஒருத்திதான். "பொண்ண இட்டாந்து சொல்லச் சொல்லேன்" என்று யாரோ சொன்னதற்கு, "பச்சப் புள்ளய ஸ்டேஷனுக்கு இட்டார மாட்டேன்" என்று அப்பா மறுத்துவிட்டார். ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியிலும் ஒருவர் என்னைக் கேட்டார்.

பெரியாஸ்பத்திரியில் இசக்கி அண்ணனைப் பார்க்க அம்மாவோடும் அப்பாவோடும் போயிருந்தேன். அப்பா மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அம்மா தண்ணீர் பிடிக்கப் போனாள். கட்டிலின் அருகே பழக்கூடை இருந்தது. முந்தின நாள் அந்த வீரர் வந்து, அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். அண்ணன் வெளுத்த முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டார்: "பாப்பா, நீ அங்கனதான இருந்த? உங்கப்பா நெசமாவே வண்டிய எடுக்காதீயன்னு சொன்னாவளா?"

இரண்டு நாளைக்கு முன்புதான் பி.டி. மிஸ், ஹாஸ்டல் தேர்வுக்கு என் பெயரை அந்த வீரர் சொல்லியிருப்பதாகத் தெரிவித்திருந்தார். அதைத்தான் அந்த நொடியில் நினைத்தேனா, அல்லது சுவரில் ஒட்டியிருந்த படத்தை நினைத்தேனா என்று இன்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. "எனக்குச் சரியாக் கேக்கலண்ணா" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பியபோது, மருந்துப் பொட்டலத்தோடு அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். பொட்டலத்தைப் பிரித்து, எந்த மாத்திரை காலையில், எந்த மாத்திரை இரவில் என்று அண்ணனுக்கு நிதானமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகும் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷெட்டுக்கு வண்டிகள் வருவது குறைந்து, பிறகு நின்றேபோயிற்று. அந்த வீரர் சொல்லி, இசக்கி அண்ணனுக்குச் செயற்கைக் காலும், ஒரு கம்பெனி வாசலில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் கிடைத்தன. ஒன்றரை வருடம் இருந்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். நான் ஹாஸ்டலுக்குப் போனேன். என் ஆட்டத்தால் கிடைத்ததா, என் வாயை மூடிக்கொண்டதால் கிடைத்ததா என்று தெரியாத அந்த இடத்தில் நான்கு வருடம் ஆடினேன். அப்பா ஒரு கார் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தார். லைனிலிருந்து இறங்கும் புதுக் கார்களை ஓட்டிக்கொண்டுபோய் வெட்டவெளியில் வரிசையாக நிறுத்துகிற வேலை. "எல்லாம் புது வண்டி. ஒண்ணுத்துலயும் எனக்கு வேல இல்ல" என்று ஒருமுறை சிரித்தார்.

பன்னிரண்டாம் வகுப்பு விடுமுறையில், முன்பு அவரோடு வேலை பார்த்த ஒருவரிடம் எண் வாங்கி இசக்கி அண்ணனை அழைத்தேன். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அவர், "எனக்கு அன்னைக்கே தெரியும் பாப்பா. நீ எம் மொகத்தப் பாக்கவே இல்லல்லா. எனக்கும் அந்த வேல வேண்டியிருந்துச்சு, நானும் வாயத் தொறக்கல. எங்கிட்டச் சொல்லி என்ன, உங்கப்பாட்டச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கோபப்படுவார், இல்லையென்றால் 'வுடும்மா' என்பார் என்று நினைத்திருந்தேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உனுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுப்பா."

"நான் எடுக்க வேணாம்னு சொன்னனா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அவர் என்னைச் சோதிக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே நிச்சயமில்லாமல் போயிருந்தது. ஊர் முழுக்க ஒன்றைச் சொல்ல, பெற்ற பெண்ணே கேட்கவில்லை என்று சொல்ல, நான்கு வருடமாக அவர் தனக்குள்ளேயே அந்தக் காலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிரித்தது மட்டும் நினைவில் நின்று, சொன்னது கரைந்துபோயிருந்தது. "நான் மனசுல நெனச்சத சொன்னதா நெனச்சுகினு கீறனோன்னு இருந்துச்சும்மா" என்றார். பிறகு, "இன்னா சொன்னேன்? சொல்லு" என்றார். சொன்னேன். படப்பை, சாமான், ஆட்டோ, பெடல் எல்லாவற்றையும் அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கண்ணிலிருந்து வழிந்ததை இடது கையால் துடைத்துக்கொண்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டார்.

அதன்பிறகு இரண்டு வருடம்தான் இருந்தார். பெருமழை வந்து செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிய அந்த வருடம், மழைக்குச் சில மாதம் முன்பு, வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சு வலித்துப் போய்விட்டார். அந்த இரண்டு வருடத்தில் சும்மா பேசிக்கொண்டிருக்கும்போதும், "அன்னிக்கு நான் இன்னா சொன்னேன்?" என்று கேட்பார். நானும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வேன்.

இப்போது நான் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. புகழ்பெற்றவர்கள் எல்லாம் உத்தமர்களாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அந்த வீரருக்கும் அப்போது இருபத்தாறு வயதுதான், பயந்திருப்பார். ஆனால் அவர் வாய்ச்சொல்லுக்கு இருந்த எடையை அவர் அறிவார். அதை ஏழை மெக்கானிக் ஒருவரின் மேல் இறக்கி வைத்தால் அந்த மனிதர் எழுந்திருக்க மாட்டார் என்பதையும் அவர் அறிந்திருக்க வேண்டும். நானும்தான்.

ஷெட் இருந்த இடத்தின் மேல் சாலை அகலமாகிவிட்டது. எந்த இடம் என்று அம்மாவும் நானும் சொல்வது ஒத்துப்போவதில்லை. என் காரை இப்போது கண்ணாடி போட்ட சர்வீஸ் சென்டரில் விடுகிறேன். வேலை செய்கிறவரின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. முடிந்ததும் கைபேசிக்குச் செய்தி வரும். போன மாதம் அதிசயமாக, எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஓர் இளைஞர் உள்ளேயிருந்து வெளியே வந்து, "மேடம், பிரேக் பேட் தேஞ்சிருக்கு, இன்னிக்கு எடுத்துனு போவாதீங்க" என்றார். எனக்கு அவசர வேலை இருந்தது. சரி என்று சொல்லி, காரை அங்கேயே விட்டு, அவருடைய பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.