ஃப்ரோனியின் பின்னல் ரொட்டி

ஜெர்மனியின் பவேரியக் காட்டோரத்து அந்த ஊரில் ஸென்ஸிக்குப் பயப்படாதவர்கள் குறைவு. புருஷன் செத்த பிறகு மாடுகளைத் தனி ஆளாகக் கறந்து, பால் வண்டிக்காரனோடு தினம் மல்லுக்கு நின்று, மகன் ஸெவெரினை வளர்த்தவள். அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. போன அக்டோபரில் ஒருநாள் பார்த்தார்கள்.

அன்று மாதா கோயில் திருவிழாவில் ஸெவெரின் மூக்குமுட்ட பீர் குடித்துவிட்டு, சித்தி மகள் ஃப்ரோனியை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தான். பாலத்துச் சுவரில் வண்டி மோதியது. அவனுக்குக் கால் மட்டும் போனது. பதினாலு வயதுப் பெண் அங்கேயே முடிந்துபோனாள். கோர்ட்டு அவனைத் திட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து ஃப்ரோனியின் அம்மா ஆஃப்ரா, கூடப் பிறந்த அக்கா ஸென்ஸியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸென்ஸிக்கு வேறு எதுவும் வேண்டாம், தங்கச்சி ஒரு தடவை முகம் கொடுத்துப் பேசினால் போதும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலையில் ஸென்ஸி விருந்துக்கு மாவு பிசைந்தாள். மாவு, வெதுவெதுப்பான பால், ஈஸ்ட், வெண்ணெய், எலுமிச்சைத் தோல். மாவு பொங்கி வந்ததும் உலர்ந்த திராட்சையைப் போட்டுப் புரட்டினாள். பார்த்தால், திராட்சை போடாத பாதி மாவு தனியாகப் பலகையில் கிடந்தது. கை தன் பாட்டுக்கு ஒதுக்கிவிட்டிருந்தது.

ஃப்ரோனியை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தாய் ஸென்ஸிதான். ஞானப்பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும்வரை ஈஸ்டருக்குப் பின்னல் ரொட்டி செய்து தருவது அந்த ஊர் முறை. திராட்சையைக் கண்டாலே அந்தப் பிள்ளை, "பெரியம்மா, ஈயைப் போட்டு வச்சிருக்கீங்க" என்று முகத்தைச் சுளிப்பாள். அதனால் அவளுக்கு எப்போதும் தனி மாவு.

ஸென்ஸி அந்த மாவின் முன்னால் வெகுநேரம் நின்றாள். தூக்கிப் போட மனசு வரவில்லை. மூன்று இழையாக உருட்டிப் பின்னி, வாலில் ஈஸ்டருக்குச் சாயமிட்ட சிவப்பு முட்டையைச் செருகி அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் கோயிலில் எல்லார் வீட்டு ஈஸ்டர் உணவுக் கூடையும் பீடத்தின் முன் வரிசையாக இருந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். மந்திரித்த உணவில் ஒரு துணுக்குக்கூட வீணாகக் கூடாது. கோழிக்கும் போடக் கூடாது, குப்பையிலும் கொட்டக் கூடாது. பூசை முடிந்து ஆஃப்ரா கறுப்பு உடுப்போடு வந்தாள். ஸென்ஸியின் கூடைத் துணியை விலக்கி, திராட்சை இல்லாத ரொட்டியைத் தொட்டாள்.

"இது எங்க வீட்டுதுதானே?"

"ஆமாடி" என்றாள் ஸென்ஸி. ஊரே வாயைப் பிளந்து பார்த்தது. ஆஃப்ரா சிவப்பு முட்டை ரொட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

ஸென்ஸி வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். "எடுத்துக்கிட்டாடா! உங்க சித்தி எடுத்துக்கிட்டா! மனசு இறங்கிடுச்சு!" ஸெவெரின் காபியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யாரும் தட்டாமலே கதவு திறந்தது. ஆஃப்ரா ரொட்டியைக் கொண்டுவந்து ஸெவெரின் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடு."

"சித்தி..."

"மந்திரிச்ச ரொட்டி. அவ சாப்பிட வேண்டியது. அவளால முடியாது, உனக்குத் தெரியும். முழுசையும் நீ சாப்பிடு."

அவன் பிய்த்து வாயில் வைத்தான். ஆஃப்ரா எதிரே உட்கார்ந்து, அவன் வாயையே பார்த்தாள். ஸென்ஸியும் ஒரு துண்டுக்குக் கை நீட்டினாள்.

"நீ தொடாதே. உன் பிள்ளைக்குச் செஞ்ச திராட்சை ரொட்டி அந்தத் தட்டுல இருக்கு. அதைத் தின்னு."

பாதி ரொட்டியில் அவனுக்குத் தொண்டை அடைத்தது, கண்ணீர் வழிந்தது. ஆஃப்ரா எழுந்துபோய் அலமாரியிலிருந்து கிண்ணம் எடுத்து, பால் ஊற்றி அவன் கையில் கொடுத்தாள். "மெதுவா சாப்பிடு. அவசரமில்லை." ஸென்ஸிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பால் கொடுக்கிறாளே, இனி எல்லாம் சரியாகிவிடும் என்றே நினைத்தாள், பாவி மனசு. ஆஃப்ரா மறுபடி உட்கார்ந்து, மிச்சப் பாதியை அவன் பக்கம் தள்ளினாள்.

முட்டையையும் உரித்துக் கொடுத்தாள். மேசையில் உதிர்ந்த துணுக்குகளை உள்ளங்கையால் கூட்டி அவன் முன் குவித்தாள். அதையும் அவன் தின்றான். பிறகு அவள் எழுந்து பாவாடையை உதறிக்கொண்டாள்.

ஸென்ஸி வாசலை மறித்துக் கையைப் பிடித்தாள். "ஆஃப்ரா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போடி. என்னை அடிச்சிட்டாவது போ."

ஆஃப்ரா கையை விடுவித்துக்கொண்டாள்.

"ரொட்டி நல்லாத்தான் வந்திருக்குக்கா. அடுத்த வருஷமும் செய். அவன் உயிரோட இருக்கிறவரைக்கும் நான் வருவேன்."