பூஞ்சைக்குப் பொன்னாடை

மலேசியாவின் பிறை நகரில் நான் வேலை பார்க்கும் துணிச்சாயத் தொழிற்சாலைக்குத் திடீரென்று இயற்கையின் மேல் காதல் பிறந்தது. எங்கள் துணியை வாங்கும் ஐரோப்பியக் கம்பெனி, கழிவுநீரைச் சுத்தம் செய்யாதவர்களிடம் இனி வாங்கமாட்டோம் என்று சொல்லியிருந்தது. காதல் வர வேறென்ன வேண்டும்? அந்த வாரமே நுழைவாயில் சுவருக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பெயின்ட் வாளிகளைக் கழுவிய தண்ணீர் வழக்கம்போல வாய்க்காலுக்குப் போனது.

அங்கே ஆய்வுக்கூடம் என் பொறுப்பு. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஓர் அறை, இரண்டு மேசை, சொட்டும் ஏர்கான். தினமும் கழிவுநீரைச் சோதித்து, ‘நிறம் அதிகம்’ என்று மேலே சொல்வது என் வேலை. கேட்டுத் தலையாட்டுவது மேலே உள்ளவர்கள் வேலை. பல வருஷமாக இரு தரப்பும் கடமையில் தவறியதில்லை.

மேனேஜர் பாகான் டாலாமில் பிறந்து வளர்ந்தவர், என் கடைசித் தம்பியைவிடச் சின்னவர். நான் அவரை பாஸ் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். ஒரு நாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

“அக்கா, இந்தியாவுல இருந்து ஒரு டாக்டர் வராங்க. சாயத்தையே தின்னுற ஒரு சாமான் வச்சிருக்காங்களாம்.”

“என்ன சாமான், பாஸ்?”

“பூஞ்சை.”

“ரொட்டியில பூக்குமே, கூலாட், அதுவா?”

“அப்படியெல்லாம் சொல்லாதீங்க லா. பயோடெக்னாலஜி.”

டாக்டர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் பிறந்து, அந்தச் சாயத்தையே ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். வந்த அன்று வரவேற்பறையில் மேளம் ஒன்றுதான் இல்லை. மேனேஜர் பொன்னாடை போர்த்தினார். “பசியாறிட்டீங்களா?” என்று எல்லோரும் மாறி மாறிக் கேட்டோம். எங்கள் ஊரில் அது காலை வணக்கம் மாதிரி. அவரோ ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிட்டேன் என்று விவரமாகப் பதில் சொன்னார்.

பிறகு, அனுமதித் தாள்களோடு கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். நாலைந்து கண்ணாடித் தட்டுகள், அவற்றில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஏதோ. பளபளக்கும் இயந்திரம் ஒன்றை எதிர்பார்த்திருந்த மேனேஜரின் முகம் விழுந்துவிட்டது.

“இவ்ளோதானா, டாக்டர்?”

“இவ்வளவுதான் சார். காட்டுல பட்டுப்போன மரத்தை மக்க வைக்கிற பூஞ்சை இது. மரத்தையே உடைக்கிறது சாயத்தையும் உடைக்கும். உக்காந்து வளர ஒரு இடம் மட்டும் குடுக்கணும். கரும்புச் சக்கை இருந்தா போதும்.”

சக்கை சேர்க்கும் உயர்ந்த பொறுப்பு எனக்கு வந்தது. கடலுக்கு அக்கரையில் தீவில் என் வீடு; அங்கே ஆயர் ஈத்தாம் சந்தையில் கரும்புச்சாறு பிழியும் சீனத் தாத்தாவிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, வீட்டில் ‘லெம்பு’ வளர்க்கிறாயா என்றார். இல்லை, மாடு இல்லை, விஞ்ஞானம் என்று மலாயில் விளக்கினேன். மாடு என்றே சொல்லியிருக்கலாம்; அடுத்த நாளிலிருந்து கூடுதலாக ஒரு மூட்டை கட்டி வைத்து, மாட்டை நலம் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். என் காரில் எறும்புகள் குடும்பம் குடும்பமாகக் குடியேறின. டோல் கட்டாமல் தினமும் கடல் பாலம் கடந்து போய்வந்த பாக்கியவான்கள் அவைதான்.

கழிவுநீர்க் குளத்தின் ஓரமாக ஒரு சிறிய தொட்டி வைத்தோம். சக்கையை வேகவைத்து, பூஞ்சையை ஏற்றி, சாயத் தண்ணீரை மெதுவாக விட்டோம். முதல் முறை பாக்டீரியா புகுந்து எல்லாம் அழுகி நாறியது. மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இதுதான் கிரீன் வாசனையா?” என்றார். டாக்டர் கோபப்படவில்லை. தொட்டியைக் கழுவி மறுபடி ஆரம்பித்தார். அடுத்த முறை தண்ணீரில் அமிலப் புளிப்பைக் கூட்டினார், பாக்டீரியா அடங்கியது. ரத்தம் மாதிரி உள்ளே போன சிவப்பு, தண்ணீர் அதிகமாகிப்போன தேநீர் மாதிரி வெளியே வந்தது. நீலமும் அப்படியே. நான் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அசடு மாதிரி நின்றேன். அந்த அறையில் எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறேன். ஒரு நல்ல செய்தியைக் கையில் பிடித்தது அன்றுதான்.

கறுப்புதான் மசியவில்லை. பாதி வெளுத்து, அழுக்குச் சாம்பலாக நின்றது. டாக்டர் அதையும் மறைக்காமல் சொன்னார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். “கறுப்பைப் பத்திப் பேசாம விட்டுருவோமே, டாக்டர்? தலைமை அலுவலகத்துல இருந்து டைரக்டர் வராங்க. எல்லாச் சாயமும் போயிருதுன்னு ஒரு வார்த்தை...”

“எங்க ஊர் ஆத்துலயும் அப்படித்தான் சார், சில விஷயத்தைப் பேசாமலே விட்டாங்க. இப்ப ஆறே இல்லை.”

அதற்கு மேல் வாதம் நடக்கவில்லை. மேனேஜர் வேறு வழி தேடிப் போனார். அந்த வழியில் மீன்கள் இருந்தன.

டைரக்டர் கோலாலம்பூரிலிருந்து வந்த மலாய் அம்மையார், அதிகம் பேசாதவர். அவர் வந்த காலையில் வரவேற்பறைக்குள் நுழைந்தால், நடுவே புத்தம்புதிய கண்ணாடித் தொட்டி. பக்கத்திலேயே பலகை: ‘எங்கள் சுத்திகரித்த நீரில் வாழும் மீன்கள்’. உள்ளே தங்கமீன்கள். நாங்கள் எல்லோரும் அணிவகுத்து நின்றோம். மீன்கள் அணிவகுக்கவில்லை. ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தன. வரவேற்புரை முடிவதற்குள் ஒன்று மல்லாந்துவிட்டது. நன்றியுரை வரை எதுவும் தாங்காது போலிருந்தது.

டைரக்டர் திரும்பினார். “டாக்டர், இது உங்கள் தண்ணீரா?”

டாக்டர் குனிந்து தொட்டியைப் பார்த்தார். “இல்லை மேடம். என் தண்ணீர் இவ்வளவு அழகா இருக்காது.”

நான் சட்டைப்பையில் இருந்த குளோரின் சோதனைத் தாளை நனைத்தேன். நொடியில் நிறம் மாறியது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர், மீனுக்கு நஞ்சு. தேநீர் நிறம் படத்தில் எடுபடாது என்று மேனேஜர் காலையில் குழாயிலிருந்து நேராகப் பிடித்து ஊற்றியிருக்கிறார். எங்கள் கழிவுநீரில் வாழ்வதாகப் பலகை சொன்ன மீன், நாம் குடிக்கும் தண்ணீரில் செத்தது. சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினேன். அந்தப் பெண்ணின் தலையில் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. சொல்லிவிட்டேன்.

மேனேஜர் தன் காலணியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“உங்கள் தண்ணீர் எங்கே?” என்றார் டைரக்டர்.

ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப்போனோம். ஏர்கான் சொட்டும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பேசின், காற்றுக் குழாய், மங்கலான பழுப்புத் தண்ணீர். அதில் கப்பி மீன்கள் குட்டி போட்டு, குட்டிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நஞ்சு மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் விட்டவை. டைரக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது எந்தச் சாயத்துக்கு வேலை செய்யாது என்று கேட்டார். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒரு கேள்வி என் காதில் விழுந்ததே இல்லை.

“கறுப்புக்கு, மேடம். அதைத் தனிக் குழாயில பிரிச்சு வேற முறையில சுத்தம் பண்ணணும். மத்ததுக்குப் பெரிய தொட்டி கட்டலாம்.”

கட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் மேனேஜர் என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “ஆர்டர் போச்சுன்னா நம்ம ஆளுங்க எத்தனை பேருக்கு வேலை போகும், அக்கா? ராத்திரி தூக்கமே இல்ல. அந்தப் பயத்துலதான் செஞ்சேன்” என்றார். கண் கலங்கியிருந்தது. வாயில் தயாராக வைத்திருந்த இரண்டு மூன்று நல்ல வசனங்களை விழுங்கிவிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

அந்த இளக்கம் அதிக நாள் நீடிக்க அவர் இடம் தரவில்லை. பெரிய தொட்டி ஓட ஆரம்பித்ததும் கம்பெனி இதழில் ஒரு கட்டுரை வந்தது. தொலைநோக்குப் பார்வையோடு மேனேஜர் கைகட்டி நிற்கும் படம். டாக்டரின் பெயர் இல்லை. பூஞ்சையின் பெயர்கூட ‘இயற்கை ஆற்றல்’ என்று மாறியிருந்தது. என்னைச் சுற்றுச்சூழலுக்கு ‘நிலைத்தன்மைத் தூதர்’ ஆக்கினார்கள். ஏர்கான் இன்னும் சொட்டுகிறது. ஆனால் வாய்க்காலில் சிவப்பு இல்லை, நீலம் இல்லை. அதை ஒருவரும் வந்து படம் எடுக்கவில்லை. வெறும் தண்ணீரை யார் எடுப்பார்கள்?

போன மாதம் டாக்டர் வாட்ஸாப்பில் அழைத்தார். குரலில் ஒரே உற்சாகம். அவர் ஊர்ப் பட்டறை முதலாளிகள் இத்தனை வருஷமாக அவரை வாசலுக்குள்ளேயே விடாதவர்கள். உள்ளூர்ப் பெண்ணின் உள்ளூர்ப் பூஞ்சைக்கு என்ன மதிப்பு?

“நம்ம பிறைத் தொட்டி படத்தைக் காட்டினேன், அக்கா. அடுத்த நாளே கூப்பிட்டாங்க. மூணு பட்டறை சேர்ந்து ஒரு தொட்டி கட்டப்போறாங்க. மலேசியா டெக்னாலஜின்னு நினைச்சுக்கிட்டாங்க.”

“நீ திருத்தலையா?” என்றேன். கறுப்பைக்கூட மறைக்க மறுத்த பெண்ணாயிற்றே.

சிரித்தார்.

“முதல்ல கான்கிரீட் காயட்டும் அக்கா. அப்புறம் திருத்திக்கறேன்.”