கோட்டை எங்கே ஓடிவிடும்?

போன வாரம் இங்கிலாந்தில், கென்ட் கவுண்டியில் இருந்தேன். டோவர் கோட்டையின் உச்சியில் நின்று என் மகள் நிலா கடலைக் காட்டினாள். வானம் தெளிவாக இருந்தால் எதிரே பிரான்ஸ் தெரியுமாம். எனக்கு எதுவும் தெரியவில்லை... கண்ணாடியில் ஈரம்.

டூர் என்றுதான் கலிபோர்னியாவில், எங்கள் ஃப்ரீமான்ட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எங்கே டூர்? மகளைப் பார்க்கப் போனேன்.

மூன்று வயதில் அமெரிக்கா வந்தவள். முதல் பல் விழுந்தது, கார் ஓட்டக் கற்றது, எல்லாம் ஃப்ரீமான்ட்டில். நாங்கள் கிரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டே இருந்தோம். அவளுக்கு இருபத்தொரு வயது ஆனது. அப்பாவின் விசாவில் இனி ஒட்டிக்கொள்ள முடியாது. ஸ்டூடன்ட் விசாவில் கொஞ்ச காலம் ஓட்டினாள். பிறகு வேலை விசா லாட்டரியில் பெயர் விழவில்லை. கென்ட்டில், கேன்டர்பரியில் ஒரு வேலை கிடைத்தது... போய்விட்டாள்.

அவள்தான் கைடு. கேன்டர்பரி பேராலயத்தில் பழைய கல் படிகளைக் காட்டினாள். யாத்திரிகர்கள் முட்டி போட்டு ஏறி ஏறி, நடுவில் குழிந்துபோன படிகள். "இவங்களுக்காவது மேல போனா ஏதோ இருந்துச்சு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டோவரில் டிக்கெட் பார்த்த பெரியவர் அவள் உச்சரிப்பைக் கேட்டு, அமெரிக்காவா, எப்போது ஊர் திரும்புகிறாய் என்று விசாரித்தார். சும்மா ஒரு மரியாதைக்கு. அம்மா வியாழக்கிழமை போகிறாள் என்று பதில் சொன்னாள். அவர் கேட்டது அவளைப் பற்றி.

மிடில் ஸ்கூலில் அட்டையில் கோட்டை செய்தபோதே, இங்கிலாந்து போகலாம் என்று கெஞ்சியவள் இவள். அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்பிவர, தூதரகத்தில் புதிதாக விசா குத்த வேண்டும். அது சிக்கினால் அப்பாவின் வேலை போச்சு. என் கணவர் சமாதானம் சொன்னார்: "கிரீன் கார்டு வந்ததும் போலாம்டா. கோட்டை எங்க ஓடியா போயிடும்?"

நம் வீடுகளில் அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை தொங்குகிறது? ஊரில் தங்கை கல்யாணம், நல்ல சோபா, நாய்க்குட்டி...

இந்த முறையும் அவர் வரவில்லை. போன வருஷம் என் அம்மாவின் காரியத்துக்கு இந்தியா போனபோது குத்திய விசா எனக்கு இருந்தது. அவருக்கு இல்லை. அதே பயம்.

அதனால் கோட்டை உச்சியிலிருந்து வீடியோ கால். அங்கே காலை, ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்தார். நிலா போனைத் திருப்பித் திருப்பி மதில், கடல், கப்பல் எல்லாம் காட்டினாள். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள் என்று அவர் கிண்டலடித்தார்.

எதற்கும் இங்கிலீஷிலேயே பதில் சொல்கிறவள், அன்று தமிழில் சொன்னாள்.

"கிரீன் கார்டு வந்ததும் வாங்கப்பா. கோட்டை எங்க ஓடியா போயிடும்?"

திரையில் அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்தேன். பின்னால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நிலாவைக் கேன்டர்பரியில் விட்டுவிட்டு, வியாழக்கிழமை நான் மட்டும் விமானம் ஏறினேன்.

கோட்டை என்னவோ அங்கேயேதான் இருக்கிறது.