சபதம் கைவிடும் நாளும் எங்கள் அண்ணியும்

ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் லாண்டரியில் பாதி வேலை, பாதி கூத்து. சோப்புக் கம்பெனிக்காரர் தரும் தினசரிக் காலண்டரில், எந்தப் புண்ணியவான் யோசித்தானோ, ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு விசித்திர நாள் அச்சாகியிருக்கும். தொப்பி நாள், அணிலை வாழ்த்தும் நாள், ஜோடி தொலைத்த காலுறை நாள் என்று போய்க்கொண்டே இருக்கும். மற்ற மாதங்களில் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் ஹோட்டல்களிலிருந்து வரும் மூட்டை குறைந்துவிடும். அதனால் ஒன்று விடாமல் கொண்டாடுவோம். தொப்பி நாளில் கஞ்சி போட்ட தலையணை உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மடிப்பு மேசையில் நிற்பேன். காலுறை நாளில், ஒரு வருடமாக அநாதையாகக் கிடந்த ஒற்றைக் காலுறைகளைக் கொடியில் தொங்கவிடுவோம். ஒன்றுக்காவது ஜோடி கண்டுபிடிப்பவர் அன்று சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

இவற்றில் பெரியவை இரண்டு. வருடத்தின் முதல் வேலை நாளில் ஒவ்வொருவரும் கவிழ்த்த துணிக்கூடை மேல் ஏறி நின்று அந்த ஆண்டுக்கான சபதத்தைச் சொல்ல வேண்டும். பிறகு அதை மூட்டையில் கட்டும் துணிச்சீட்டு ஒன்றில் எழுதி ஆணியில் மாட்ட வேண்டும். மாத நடுவில், காலண்டரே சொல்கிறபடி, சபதம் கைவிடும் நாள். அன்று அவரவர் சீட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டுவிட்டு ஒரு துண்டு கேக் வாங்கிக்கொள்ளலாம். தொட்டியில் விழுந்ததை யாரும் திரும்ப எடுப்பதில்லை என்பது சட்டம். ஆரம்ப சூரத்தனத்துக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைக்காது. நான் வருடா வருடம் ஊர்வம்பு பேச மாட்டேன் என்று சபதம் எடுப்பேன். வருடா வருடம் கேக்கும் சாப்பிடுவேன்.

எங்கள் அண்ணி மட்டும் ஒருமுறைகூட அந்தக் கேக்கைத் தொட்டதில்லை. கல்யாணமாகி வந்த மறு வருடமே அண்ணன் அவரை இங்கே கூட்டிவந்தான். அண்ணனுக்குத் துவைக்கும் இயந்திரம், அண்ணிக்கு நீராவி இஸ்திரி. கறையும் அண்ணியும் நேருக்கு நேர் நின்றால் கறைதான் தோற்கும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அண்ணன் அலுத்துக்கொள்வான். அது உண்மைதான். ஆனால் அண்ணி கையில் பல முயல்களுக்கு நிஜமாகவே மூன்று கால்தான் இருந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

இத்தனை வருட நீராவி அண்ணியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. சென்ற ஆண்டு பாதிக்கு மேல் இருமல்தான். இனி அந்த இஸ்திரி அறையில் நின்றால் மூச்சு உங்களுடையது இல்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அண்ணன் அன்றே தீர்ப்பு எழுதிவிட்டான்: வீட்டில் இரு, போதும். மகள் கல்யாணமாகிப் போன வீட்டில் பகல் முழுக்க ஒருத்தியாக உட்கார்ந்திருப்பது அண்ணிக்கு எப்படி இருக்கும் என்று அவன் யோசிக்கவில்லை. அடுப்படிச் சுவரோடு பேச எனக்குப் பைத்தியமா என்று அண்ணி என்னிடம் கேட்டார்.

இந்த வருடம் கூடை மேல் ஏறியதும் அண்ணி சொன்னது இதுதான்: "நான் வேன் ஓட்டப் போறேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எங்கள் வேன் டிரைவர் அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்துக்கு ஐம்பதைத் தாண்டிய இஸ்திரிக்காரி வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. முதலாளியும் சிரித்துக்கொண்டே, டிரைவர் போவதற்குள் லைசென்ஸ் காட்டினால் சாவி உங்களுக்கு, இல்லையென்றால் வெளியாள் என்றார். விளையாட்டாகச் சொன்னார். அண்ணி விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதமாக விடியற்காலையில் காய்கறிப் பையோடு டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தவர் அவர். அவர் காய்கறி வாங்கத்தான் போகிறார் என்று அண்ணன் நம்பிக்கொண்டிருந்தான்.

அன்று அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. இரவு வீட்டில் பெரிய சண்டை. பக்கத்து வீடு என்பதால் எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. (அதற்குப் பெயர் ஊர்வம்பு இல்லை, சுவர் மெல்லியது.) ரோட்டில் போகிற லாரிகளைப் பார்த்திருக்கிறாயா, உனக்கு ஒன்று ஆனால் நான் என்ன செய்வேன் என்று அண்ணன் கத்தினான். அண்ணி கத்தவில்லை.

"உள்ள நின்னாலும் எனக்கு ஏதாவது ஆகும்ங்க. வீட்ல உட்கார்ந்தா கண்டிப்பா ஆகும். ரோட்டுல மட்டுந்தான் ஆகாமலும் இருக்கலாம்."

ஓட்டுநர் தேர்வு, விதியைப் பாருங்கள், சபதம் கைவிடும் நாளன்று காலையில் வந்து விழுந்தது. நாங்கள் மதியம் கேக்கைச் சுற்றி நிற்கும்போது அண்ணி திரும்பிவந்தார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முன்பக்கமாக ஓட்டியதில் ஒரு பிசகும் இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்பக்கம் கம்பத்தில் போய் முட்டிவிட்டதாம். ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லோரும் அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள், அதுதான் கொடுமை. ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், ஒருவர் ஸ்டூல் இழுத்துப் போட்டார். இதுக்குத்தானேம்மா இந்த நாளே இருக்கு என்று முதலாளி கேக் தட்டை நீட்டினார். அண்ணி வாங்கவில்லை. அந்த நேரத்தில் அண்ணன் ஆணியிலிருந்து அண்ணியின் சீட்டை எடுத்து, ஒருவரையும் பார்க்காமல், தொட்டிக்குள் போட்டுவிட்டான்.

இத்தனை வருடத்தில் இன்னொருவர் சீட்டை யாரும் தொட்டதில்லை. அண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமில்லை, பயம். கூடப் பிறந்தவளுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

"போதும்மா, விட்டுரு," என்றான்.

அண்ணி தொட்டியருகே போனார். கையை வெந்நீரில் விட்டுவிடுவாரோ என்று பதறினோம். அவரா விடுவார்? மூலையில் சாய்த்திருந்த, துணி கிளறும் மரக்கோலை எடுத்து, நிதானமாகத் துழாவினார். முதலில் என் சீட்டு வந்தது. பேனாவில் எழுதியதால் மை கரைந்து வெறும் நீலக்கறையாக இருந்தது. என் சபதத்துக்குப் பொருத்தமான முடிவு. இன்னும் நாலைந்து அப்படியே வந்தன. கடைசியாக வந்ததில் எழுத்து அச்சடித்தது போல் கருப்பாக நின்றது: வேன் ஓட்டுவேன்.

ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளில் குறி போடும் மையில் எழுதியிருக்கிறார். அந்த மை எத்தனை கொதி கொதித்தாலும் போகாது, துணி கிழியும்வரை இருக்கும். ஆணியில் மாட்டிய அன்றே தொட்டியையும் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

தொட்டியில் விழுந்ததை எடுக்கக்கூடாதே என்று யாரோ இழுத்தார்கள்.

"போட்டவங்கதான் கைவிட்டதா அர்த்தம்," என்றார் அண்ணி. "நான் போடல. அவர் கைவிட்டிருக்கார். அவருக்கு ஒரு துண்டு கேக் குடுங்க."

அண்ணன் அந்தக் கேக்கைச் சாப்பிடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு இயந்திரம் பக்கம் திரும்பி நின்றான். சீட்டைப் பிழிந்து, இஸ்திரி போட்டு, அண்ணி இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்க எங்களுக்கு வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. சாப்பாட்டு இடைவேளையில் அண்ணி துணித்தள்ளுவண்டியை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு, முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றைக் கையில் ஏந்தி, மூட்டைகளுக்கு நடுவே பின்பக்கமாகவே நடந்தார். மூட்டைகள் சரிந்தன, ஒருமுறை முதலாளியின் காலும் மாட்டியது. ஏச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து நடந்தார். இருமல் வந்தால் நின்று, இருமி முடித்துவிட்டு நடந்தார். அண்ணன் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் நான்காம் நாளோ என்னவோ, வழியில் கிடந்த மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி நடுவில் வேன் அகலத்துக்கு இடம் விட்டிருந்தான். யார் அடுக்கினது என்று கேட்டதற்கு, தெரியாது என்றான்.

மறு தேர்வில் அண்ணி பாஸ். முதலாளி லைசென்ஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். சொன்ன சொல் சொன்னதுதானே என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் சுற்று முடித்து வேன் நிறைய அழுக்கு மூட்டையோடு அண்ணி திரும்பிய அன்று, காலண்டரில் வாழ்க்கைத்துணை நாள் என்று போட்டிருந்தது. அண்ணனைக் கேலி செய்யலாம் என்று வாயைத் திறந்து மூடிக்கொண்டேன். மூட்டை இறக்க வேண்டுமானால் எங்கள் முற்றத்தில் ரிவர்ஸில்தான் வர வேண்டும். பின்னால் சுவர். சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஆள் நின்று சத்தம் கொடுத்தால்தான் முடியும். பழைய டிரைவருக்கு அங்கே நிற்க நான் நீ என்று வருவார்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. கம்பம் எல்லோர் மனதிலும் இருந்தது. நானும் துணி மடிப்பதில் மும்முரமாக இருந்தேன், மறைப்பானேன்.

ஜன்னல் வழியே அண்ணி எங்களைப் பார்த்தார். யாரையும் கூப்பிடவில்லை. வேன் கண்ணாடியில் கட்டியிருந்த சபதச் சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

உள்ளே துவைக்கும் இயந்திரம் நின்ற சத்தம் கேட்டது. அண்ணன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். நேரே போய்ச் சுவரில் முதுகு ஒட்ட நின்றான். முகம் வெளிறியிருந்தது. கையைத் தூக்கினான்.

வேன் மெல்லப் பின்னால் வந்தது. அவன் நெஞ்சுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றது. அண்ணன் தன் நெஞ்சுக்கும் வண்டிக்கும் நடுவே குனிந்து பார்த்தான்.

"இன்னும் ஒரு கை இடம் இருக்கு," என்றான். "வா."