பெரட்டுக்களத்தில் பத்துச் சுற்று

எங்கள் எஸ்டேட்டில் சமதரை என்று இருப்பது பெரட்டுக்களம் ஒன்றுதான். காலையில் மேஸ்திரி பேர் கூப்பிட்டு, ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்த உடற்பயிற்சி டீச்சர், பிள்ளைகளிடம் கற்ற அந்தச் சொல்லை அப்படியே சீட்டில் எழுதி அனுப்பிவிட்டார்: ‘நாளை முதல் காலை ஆறரை மணிக்குப் பிள்ளைகள் பெரட்டில் நிற்க வேண்டும்.’ அன்று திங்கட்கிழமை, என் நாட்குறிப்பில் இருக்கிறது.

இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம் என் மனைவியுடையது. மூன்று தலைமுறையாகத் தேயிலைக் கொழுந்து பறிப்பவர்கள்.

"நான் பெரட்டுல நிக்கிறது பத்தாதா? எம் புள்ளையுமா?" என்றாள் சீட்டைப் பார்த்து.

ஓட்டம் உடம்புக்கு நல்லது என்று புத்தகங்களில் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. மகள் அழுதாள். ஆறாம் வகுப்பு. பள்ளிக்கு ஏறும் படியில் பாதியிலேயே அவளுக்கு மூச்சு வாங்கும். நோய் ஒன்றுமில்லை, ஓடியாடினால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். களத்தைப் பத்துச் சுற்று நிற்காமல் ஓடினால்தான் பள்ளி அணியில் இடம். அவளுக்கு அந்த இடம் வேண்டும்.

செவ்வாய் மாலை டீச்சரே வீட்டுக்கு வந்தார்.

"ஏனுங்க அக்கா, வேலைக்குக் கூப்பிடலைங்க. ஓடத்தானுங்க."

"அப்ப அந்த வார்த்தைய மாத்துங்க டீச்சர்."

டீச்சர் சீட்டை வாங்கி, அந்தச் சொல்லை அடித்துவிட்டு, ‘மைதானம்’ என்று எழுதினார்.

"எடம் அதேதான்" என்றாள் மனைவி. ஆனாலும் புதன் காலை மகளுக்கு இருட்டோடு தலை பின்னிவிட்டாள்.

முதல் வாரம் வேக நடை மட்டும். பிறகு ஒரு சுற்று நடை, ஒரு சுற்று ஓட்டம். மழை நாளில் பள்ளி வராந்தாவில் கயிறு தாண்டல். ஐந்தாவது சுற்றில் மகள் பல நாள் தேங்கிக் கிடந்தாள். எல்லாம் தேதியோடு குறித்திருக்கிறேன்.

அணிக்கான தேர்வு ஒரு சனிக்கிழமை. ஓட்டம் முடிவதற்குள் வேலைக்கு ஆட்கள் கூடிவிட்டார்கள். எட்டாவது சுற்றில் மகளின் கால் தளர்ந்தது. மனைவியின் தோழி குரல் கொடுத்தாள்.

"ஏண்டி, உங்கம்மா கொழுந்தெடுக்கிற வேகத்துலயா ஓடுற?"

"யாரு வேகத்த யாரு சொல்றது? நேத்து உன் நெரையிலயும் பாதிச் செடிய நாந்தான பறிச்சு முடிச்சேன்?" என்றாள் மனைவி.

மகள் சிரித்துக்கொண்டே எங்களைக் கடந்தாள். ஒன்பது. பத்து. டீச்சர் போதும் என்று கையைத் தூக்கினார். அவள் நிற்கவில்லை.

மேஸ்திரி பேர் கூப்பிட நோட்டைத் திறந்தார்.

"இருங்க மேஸ்திரி, எம் மக ஓடிட்டிருக்கா" என்றாள் மனைவி.

அவர் நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பதினோராவது சுற்று முடிந்த பிறகுதான் அன்று எஸ்டேட்டில் வேலை தொடங்கியது.