தோள்மூட்டுக்குப் பத்துக்கு ஒன்பது

முதலில் மன்னிப்பு. ஓ.எல். வரை மட்டும் படித்த ஒருவன் வாராவாரம் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதே அதிகம். இந்த வாரம் நோவைப் பற்றியும் மனத்தைப் பற்றியும் வேறு எழுதப் போகிறேன்... டொக்டர்மார் யாரும் வாசித்தால் தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை முழங்கால் நோவுக்காக ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தேன். இளம் நேர்ஸ் பிள்ளை ஒரு மட்டையை நீட்டினாள். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகத்தில் முடிகிற படங்கள்.

"ஐயா, பத்துக்கு எத்தனை நோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூச்சியம் என்று எழுதிவிட்டாள்!

என்ன செய்ய? அதே கேள்வியை நானும் ஒரு காலத்தில் கேட்டுத் திரிந்தவன் — தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்து நீர்வேலியில்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவுகிற ஒரு சிறிய நிலையத்தில் வேலை. அங்கே சனத்தின் மனக்குறை கேட்டு ஆற்றுப்படுத்த உளவளத்துணையாளர் ஒருவர் தேவை என்றபோது என்னைப் பிடித்துப் போட்டார்கள். காரணம்? நான் அதிகம் கதைக்காதவன். என் கூச்சத்தைப் பொறுமை என்று நினைத்துவிட்டார்கள்.

அடிப்படைப் பயிற்சி முடிந்து இரண்டு வருடத்தில் மேலதிகப் பயிற்சி வந்தது. சனிக்கிழமைகளில், நல்லூரில் ரியூசன் வகுப்பு நடக்கிற ஒரு ரியூட்டரிக் கொட்டிலில். விஷயம் — நாட்பட்ட நோ. மருந்துக்கு அடங்காத நோவை மூச்சாலும் மனத்தாலும் எப்படித் தணிப்பது? வகுப்பெடுத்த டொக்டர் முதலில் எங்களைத்தான் கண்ணை மூடச் சொல்வார். கையைப் பொத்தி இறுக்குங்கோ... விடுங்கோ. தோளை இறுக்குங்கோ... விடுங்கோ. கூரை ஓலையில் அணில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். வாங்குப் பலகையில் இருந்தபடியே பாதிப் பேர் நித்திரை. குண்டு விமானத்துக்குப் பயந்து வானத்தைப் பார்த்தபடி வாழ்ந்த அந்தக் காலத்தில், அந்தக் கொட்டிலில் இருந்தது போல நிம்மதியாக நான் வேறெங்கும் இருந்ததில்லை.

ஆளுக்கொரு நோயாளியை எடுத்துப் பழக்க வேண்டும். ஒவ்வொரு கிழமையும் நோவுக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி என்று கேட்டுக் கொப்பியில் எழுதவும் வேண்டும்.

எனக்குக் கிடைத்தவர் வாழைத் தோட்டக்காரர் நாகமுத்து அண்ணை. வயது ஐம்பது. விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் குதித்தபோது வலது தோள் அடிபட்டது. எலும்பு பொருந்தி மூன்று வருடம். நோ மட்டும் போகவில்லை. பரியாரியாரின் எண்ணெய், ஆஸ்பத்திரிக் குளிசை, எல்லாம் பார்த்தாயிற்று. அவரால் குலை வெட்ட முடியாது. மனைவி பூமணி அக்காதான் வெட்டி, சைக்கிளில் கட்டி, மருதனார்மடம் சந்தைக்கு உருட்டிக்கொண்டு போவார்.

முதல் நாள் நிலத்தைப் பார்த்தபடி தொடங்கினேன். "கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குப் பிடிச்ச இடம் ஒண்டை நினையுங்கோ அண்ணை."

"தோட்டத்துக்குத் தண்ணி பாயுது."

"நல்லது. மூச்சை மெல்ல விடுங்கோ..."

"எப்பிடித் தம்பி விடுறது? மெஷினுக்கை மண்ணெண்ணெய் முடியப் போகுது!"

அடுத்த முறை மழை பெய்வதாக நினைக்கச் சொன்னேன். மழைக்கு மண்ணெண்ணெய் வேண்டாம். அண்ணையின் மூச்சு நீண்டது.

முடிந்ததும் கொப்பியைத் திறந்து, அரை வாயால், "பத்துக்கு எத்தனை அண்ணை?" என்பேன். முதல் நாள் நாலு. பிறகு ஐந்து. ஆறு. எட்டு. ஏழாம் கிழமை — ஒன்பது!

நோ எப்படி என்று நேரே கேட்டால், "ஏதோ... இருக்கு" என்பார். அதற்கு மேல் தோண்டிக் கேட்க எனக்கு வாய் வராது.

வகுப்பில் மற்றவர்களின் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. என் பக்கத்தில் இருந்த பட்டதாரி ரீச்சரின் நோயாளி எட்டிலிருந்து நாலுக்கு வந்துவிட்டார். டொக்டர் என் கொப்பியைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"கூடிக்கொண்டெல்லே போகுது... தோளைப் படம் எடுத்துப் பாக்க வேணும்."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கேட்டது வேறு — நீ ஒரு மனிதனின் தோளைக் கெடுத்துவிட்டாய். படிக்காதவனுக்கு எதற்கு இந்த வேலை?

ஒரு கிழமை யோசித்தேன். வேலையை விடுவதென்று முடிவெடுத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை பின்னேரம் நீர்வேலிக்குச் சைக்கிள் மிதித்தேன்.

"அண்ணை, இனி நான் வரமாட்டன். நல்லாப் படிச்ச ரீச்சர் ஒராள் வருவா. எனக்கு இந்த வேலை சரிவராது."

அவர் முகம் கறுத்துவிட்டது. "ஏன் தம்பி? ஒன்பது காணாதோ?"

"என்ன ஒன்பது?"

"போன முறை ஒன்பது போட்டனான் எல்லே! பத்தே போட்டிருப்பன். பத்துப் போட்டால் பிறகு கவனமில்லாமல் போயிடுவீர் எண்டு ஒண்டைக் குறைச்சனான்."

கொப்பியைத் திறந்து எண்களைப் பார்த்தேன். "அப்ப... அது எனக்கோ?"

"வேறை ஆருக்கு? கொப்பியோடை வாறீர். சனிக்கிழமை வகுப்பு எண்டுறீர். பத்துக்கு எத்தனை எண்டு கேட்டு எழுதுறீர். நோவுக்கு ஆரும் மாக்ஸ் போடுவினமே?"

குசினிக்குள் இருந்து பூமணி அக்காவின் குரல் வந்தது. "உவருக்குப் பள்ளிக்கூடத்திலை ஆரும் அஞ்சுக்கு மேலை போட்டதில்லைத் தம்பி. அதுதான் உமக்கு அள்ளி அள்ளிப் போடுறார்!"

"நீ சும்மா இரப்பா! முதல் நாள் நாலுதானே போட்டனான். இவர் என்னைப் பாக்காமல் நிலத்தோடையெல்லே கதைச்சவர்."

யாழ்ப்பாணத்தில் புள்ளி என்பது சோதனை எழுதுகிறவனுக்கு உரியது. இதை நானல்லவா யோசித்திருக்க வேண்டும்?

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டேன். "அப்ப உங்கடை தோள் நோவுக்குப் பத்துக்கு எத்தனை அண்ணை? முந்தி எத்தனை, இப்ப எத்தனை?"

அவர் வேலிப் பக்கம் பார்த்தார். யாருமில்லை. குரலைத் தாழ்த்தி, "முந்தி எட்டு" என்றார். இப்போதையதை வாயால் சொல்லவில்லை. இடது கையால் மறைத்துக்கொண்டு வலது கையில் மூன்று விரலைக் காட்டினார்.

"நேற்று ரண்டு குலை வெட்டினவர்," என்றார் பூமணி அக்கா, அவரும் மெதுவாக. "வெளியிலை சொல்லிப்போடாதையும். நாவூறு பட்டிடும்."

நோவை ஊருக்கே கேட்க முனகுவோம். சுகத்தைக் கைக்குள் பொத்தி வைப்போம். இப்படிப்பட்ட ஆட்களின் தோளை எந்த அளவுகோலால் அளப்பது?

மறுநாள் சனிக்கிழமை, வகுப்புக்குப் போய் டொக்டரிடம் மட்டும் நடந்ததைச் சொல்லிக் கொப்பியை நீட்டினேன். அவர் பழைய எண்களை வெட்டவில்லை. அவற்றுக்கு மேலே "உளவளத்துணையாளருக்கு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அன்றைய பாடம் தலையிடி.