உயிரோடு இருந்தவருக்கு ஒரு பேனர்

ஐந்து வருடம் ஊராட்சித் தலைவராக இருந்தவள் நான். ஆனால் ஊரில் யாராவது 'தலைவரே' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவர் என் கணவர். பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்றதும் என் பெயரில் மனுப் போட்டார், என் பெயரில் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார். கையெழுத்து மட்டும் என்னுடையது. அதில் எனக்கு வருத்தம் இருந்தது என்று இப்போது சொன்னால் அது பொய். வசதியாகத்தான் இருந்தது. திட்டு வாங்குவது அவர், கும்பிடு வாங்குவது நான்.

பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் எப்போது என்று தெரியாமல் இருந்த நேரத்தில் எல்லையில் சண்டை மூண்டது. எங்கள் ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரிக்காட்டை விட்டால் பெரிதாகப் பிழைப்பில்லை என்பதால் ராணுவத்துக்குப் போனவர்கள் அதிகம். அவர்கள் வீடுகளுக்கெல்லாம் தினமும் காலையில் போனேன். டிவியை அணைக்கச் சொல்வேன், சாப்பிட்டார்களா என்று பார்ப்பேன், மாதா கோயில் ஜெபத்துக்கும் அம்மன் கோயில் அர்ச்சனைக்கும் பெயர் எழுதி வாங்குவேன். இதை யாரும் சொல்லி நான் செய்யவில்லை. தலைவராக நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, பதவி போன பிறகு செய்ததுதான்.

அதில் ஒரு வீட்டுப் பெண் புதுக்கோட்டையில் ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். கணவன் எல்லையில் இருந்தான். ஜெபத்தில் வைப்பதற்காக அவனுடைய சீருடைப் படத்தை என் போனுக்கு அனுப்பினாள். கண் பட்டுவிடும், வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள்.

அவனிடமிருந்து இரண்டு நாளாகப் போன் இல்லை. மூன்றாம் நாள் மதியம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது. நம் மாவட்டத்து வீரர் ஒருவர் இறந்துவிட்டாராம். பெயர் இல்லை. என் கணவர் யாரிடமோ விசாரித்தார். அவன் இருக்கிற அதே படைப்பிரிவுதான் என்று அந்த ஆள் சொன்னாராம். இவருக்கு அது போதுமாக இருந்தது. எங்கள் பக்கம் இறந்தவருக்கு முதலில் பேனர் வைக்கிறவர்தான் பெரிய மனிதர். துக்க வீட்டுக்குப் போவதற்கு முன்பே பிளக்ஸ் கடைக்குப் போவார்கள். இவர் என்னிடம் படத்தைக் கேட்டார்.

"அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குவோங்க" என்றேன்.

"கேட்டுக்கிட்டு நிக்கிறதுக்குள்ள எதிர்த்தரப்பு வச்சுருவாய்ங்க. படத்த அனுப்பு."

அனுப்பினேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை.

சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் பேனர் ஏறிவிட்டது. 'கண்ணீர் அஞ்சலி' என்ற எழுத்துக்குக் கீழே அவன் முகம், அதற்கும் கீழே கைகூப்பியபடி நானும் என் கணவரும். ஐந்தரை மணி பஸ்ஸில் வந்து இறங்கிய அவள், நிமிர்ந்து பார்த்துவிட்டு ரோட்டிலேயே சரிந்துவிட்டாள். பக்கத்தில் நின்றவர்கள் தூக்கிக்கொண்டுபோய் வீட்டில் விட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் அவன் போன் செய்தான். டவர் கிடைக்கவில்லையாம், அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் வந்ததே புரளி.

என் கணவர் ஆள் வைத்துப் பேனரை அவிழ்த்தார். காப்பியைக் குடித்துக்கொண்டே எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"பிளக்ஸ் கடைக்காரன் படத்த மாத்திப் போட்டுட்டான்னு சொல்லு. அவங்க தெரு ஓட்டு நமக்கு வேணும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவள் உட்காரச் சொல்லவில்லை. முகம் வீங்கியிருந்தது.

"படத்தக் குடுத்தது நாந்தான்" என்றேன். "கடைக்காரர் மேல தப்பில்ல."

"தெரியும்க்கா. ஒங்ககிட்ட மட்டுந்தானே குடுத்தேன்."

திட்டியிருந்தால் தேவலை. "நாளைலேருந்து காலைல வராதீங்கக்கா. ஒங்களப் பாத்தா அந்தப் பேனர்தான் கண்ணுக்குள்ள நிக்கிது" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வருகிற வழியில் அழுதேன். அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும், ஒரு தெரு ஓட்டையே கிணற்றில் போட்டுவிட்டாய் என்று அவர் கத்தினார். கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன்.

"இனிமே எம்பேர்ல நீங்க எதும் பேச வேணாம். எம்படத்தையும் எங்கிட்டும் போட வேணாம். தேர்தல்ல நான் நிக்கல."

திரும்பவும் கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், எனக்குப் பழக்கமே இல்லாத ஒரு சின்னக் குரலில் கேட்டார்.

"அப்ப நான் யாரு?"

என் புருஷன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது வாயில் வரவில்லை.